உயரம் குறைந்தவருக்கு மோட்டார் சைக்கிளைப் பொருத்துவது எப்படி?

மளிகை வணிகருக்கு இரு சக்கர வாகனம் என்பது தராசைப் போல ஒரு தொழில் கருவி. காலையில் மார்க்கெட் சரக்கு, மதியம் மொத்தக் கடைக் கொள்முதல், மாலையில் வீட்டு ஆர்டர் பட்டுவாடா, இரவில் வசூல் என்று நாள் முழுதும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. தராசு வாங்கும்போது முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற நாம், வண்டி வாங்கும்போது மைலேஜையும் மாதத் தவணையையும் மட்டும் பார்க்கிறோம். அதை ஓட்டப் போகிறவரின் கால் தரையில் ஊன்றுமா என்று பார்ப்பவர் மிகக் குறைவு.

நம் ஊர் ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 5 அடி 5 அங்குலம். பெண்களுக்கு 5 அடி. சராசரி என்றாலே அதற்குக் கீழே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றுதானே பொருள். நம் கடைகளில் வேலை பார்க்கும் பையன்களில் 5 அடி 2 அங்குலம் உள்ளவர்கள் எத்தனையோ பேர். இவர்கள் வேகமாக ஓட்டும்போது விழுவதில்லை. நிற்கும்போதுதான் விழுகிறார்கள். சிக்னலில், கடை வாசலில், சந்து முனையில் லாரிக்கு ஒதுங்கி நிற்கும்போது கால் எட்டாமல் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது. பின்னால் சரக்கு இருந்தால் பிடித்து நிறுத்த முடிவதில்லை. எண்ணெய் டின் நசுங்கினால் ஒரு நாள் லாபம் தரையில் போகிறது. காய்ந்த சைலென்சருக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டால் பையன் ஒரு மாதம் வேலைக்கு வர முடியாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. லைனுக்குப் போகிற ஆளுக்குப் பேட்டா உண்டு, கமிஷன் உண்டு, நாலு கடைக்காரர்களின் பழக்கம் உண்டு. பிற்காலத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்க அந்தப் பழக்கமே முதல். “உனக்கு வண்டி எட்டாது” என்று ஒரு பையனைக் கடைக்குள்ளேயே பொட்டலம் போட நிறுத்தி வைத்தால், அந்த வழி அவனுக்கு அடைபட்டுவிடுகிறது. பெரும்பாலும் எட்டாமல் போவது நாலு சென்டிமீட்டருக்குள்தான். அந்த நாலு சென்டிமீட்டரை எங்கே தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அளவு எடுக்க வேண்டும். வெறுங்காலுடன் சுவரில் முதுகு சாய்த்து நிற்கச் சொல்லுங்கள். கெட்டி அட்டை போட்ட பழைய பேரேடு ஒன்றைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தது போல மேலே அழுத்தமாக இழுத்துக்கொள்ளட்டும். பேரேட்டின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அளக்க வேண்டும். இதுதான் உள்கால் அளவு. 5 அடி 2 அங்குலம் உள்ளவருக்கு இது பெரும்பாலும் 70 முதல் 74 சென்டிமீட்டருக்குள் வரும். ஒரே உயரமுள்ள இருவருக்கு இதில் 3 சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பதும் உண்டு. எனவே ஆளின் மொத்த உயரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

அடுத்தது வண்டியின் சீட்டு உயரம். நம்மவர் அதிகம் வைத்திருக்கும் ஸ்ப்ளெண்டரில் இது 785 மி.மீ. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக்டிவா ஸ்கூட்டரில் சுமார் 765. புல்லட்டில் சுமார் 805. இந்த எண்களைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். ஸ்ப்ளெண்டரும் எக்ஸ்.எல்.லும் ஒரே உயரம் என்றால், ஸ்ப்ளெண்டரில் பயந்து நடுங்குகிறவர் எக்ஸ்.எல்.லில் மட்டும் எப்படித் தைரியமாகப் போகிறார்?

காரணம் மூன்று. எக்ஸ்.எல். வண்டியின் சீட்டு முன்பக்கம் ஒடுக்கமாக இருப்பதால் தொடை விரியாமல் கால் நேராக இறங்குகிறது. எடை 90 கிலோவுக்குள் அடங்குகிறது. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. மூன்றாவது, பெட்ரோல் டாங்கு குறுக்கே நிற்காததால் காலைத் தூக்கிப் போடாமல் முன்பக்கமாகவே ஏறி உட்காரலாம். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்ததிலிருந்து இன்று வரை சிறு வணிகர்கள் அந்த வகை வண்டியை விடாமல் இருப்பதற்கு மைலேஜும் விலையும் மட்டும் காரணமல்ல. வேட்டி கட்டியவரும், சேலை கட்டியவரும், உயரம் குறைந்தவரும் அதில் ஏற முடிந்தது. ஆக, சீட்டு உயரம் என்ற எண்ணோடு சீட்டின் அகலத்தையும் வண்டியின் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்கால் அளவு 72 சென்டிமீட்டர். செருப்பு 2 சென்டிமீட்டர். ஆக 74. ஸ்ப்ளெண்டர் சீட்டு 78.5. ஆள் உட்கார்ந்தால் ஷாக் அப்சார்பரும் சீட்டு மெத்தையும் அமுங்கி இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கீழே இறங்கும். அப்படியானால் 76. குறைவது 2. சீட்டின் அகலத்தால் கால் வளைந்து இறங்குவதில் இன்னும் ஒரு 2 சென்டிமீட்டர் போகும். மொத்தம் 4. ஆள் ஒல்லியாக இருந்தால் வண்டி அவ்வளவு அமுங்காது என்பதையும் கவனிக்க வேண்டும். உயரமும் எடையும் குறைந்தவருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

இரண்டு குதிகாலும் முழுதாகத் தரையில் படிய வேண்டும் என்று ஆசைப்படத் தேவையில்லை. இரண்டு பாதத்தின் முன்பாகமும் நன்றாக ஊன்றினால் போதும். அல்லது இடுப்பைச் சற்று நகர்த்தி உட்காரும்போது இடது பாதம் முழுதாகப் படிந்தால் போதும். இரண்டு பக்கமும் கட்டை விரல் நுனி மட்டும் தொடுகிறது என்றால் அந்த வண்டியில் சரக்கு ஏற்றக் கூடாது.

குறைகிற 4 சென்டிமீட்டரைத் தேட வேண்டிய முதல் இடம் சீட்டு. இதற்கு மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை. சீட்டு தைக்கிற குஷன் கடைக்குப் போக வேண்டும். அவர் உறையைக் கழற்றியதும் “எவ்வளவு இறக்கட்டும்?” என்றுதான் கேட்பார். “முதலில் ஒடுக்குங்கள், பிறகு இறக்கலாம்” என்று சொல்லுங்கள். சீட்டின் முன்பாகத்தில், தொடை படும் இரு ஓரங்களையும் ஒரு விரல் அளவுக்குச் சரித்து எடுத்தாலே கால் நேராக இறங்கத் தொடங்கும். உட்காரும் சுகம் அதனால் கெடாது. ஏனென்றால் நாம் உட்காரும் எலும்பு பின்னால் அகலமான இடத்தில்தான் இருக்கிறது.

அதன் பிறகு ஓட்டுபவர் உட்காரும் இடத்தில் 2 சென்டிமீட்டர், மிஞ்சினால் 2.5 சென்டிமீட்டர் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் மெத்தை மெலிந்து அடித்தகடு இடிக்கும். நாளுக்கு 60 கிலோமீட்டர் லைன் சுற்றுகிறவருக்கு ஒரே மாதத்தில் இடுப்பு வலி வந்துவிடும். குறைத்த இடத்தில் சற்று அடர்த்தியான ஸ்பாஞ்சு வைத்தால் மெலிந்தாலும் தாங்கும். கத்தியால் அறுப்பதைக் காட்டிலும் தேய்த்துக் குறைப்பது நல்லது. மேடு பள்ளம் விழாது. முன்பக்கம் சரிவாக மட்டும் விட்டுவிடக் கூடாது. பிரேக் போடும்போதெல்லாம் ஆள் வழுக்கி டாங்கின் மேல் போய் மோதுவார். உறை தைப்பதற்கு முன் ஒரு துணியை இழுத்துக் கட்டி, ஓட்டப் போகிறவரையே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். முதலாளி உட்கார்ந்து பார்த்துப் பயனில்லை.

புதிதாகத் தைத்த உறையின் ஊசித் துளை வழியே மழைத் தண்ணீர் இறங்கி ஸ்பாஞ்சு ஊறும். சர்க்கரை மூட்டைக்குள் வரும் பாலிதீன் உறையைக் கழுவிக் காய வைத்து ரெக்ஸினுக்கு அடியில் விரித்துத் தைக்கச் சொல்லலாம். நம்மிடம் செலவில்லாமல் கிடைக்கிற பொருள்தான். பளபளக்கும் ரெக்ஸின் வேண்டாம், சொரசொரப்பானதே நல்லது.

ஒரு யோசனை. வண்டியோடு வந்த சீட்டில் கை வைக்காதீர்கள். பழைய பாகங்கள் விற்கும் கடையில் அதே மாடலுக்குரிய சீட்டு ஒன்று வாங்கி, அதில் இந்த வேலையைச் செய்யுங்கள். ஆள் மாறினால் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். வண்டியை விற்கும்போதும் விலை குறையாது.

கால் எட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கை எட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உயரம் குறைந்தவருக்குப் பெரும்பாலும் கையும் விரலும் குட்டை. ஹேண்டில் பாரைப் பிடிக்க முன்னால் குனிந்தால் இடுப்பு தூக்கும், கால் இன்னும் மேலே போகும். ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, பாரை ஓட்டுபவர் பக்கம் சற்றே திருப்பி இறுக்கினால் பல வண்டிகளில் ஓரிரு சென்டிமீட்டர் கிடைக்கும். திருப்பிய பின் இடமும் வலமும் முழுதாக ஒடித்துப் பார்க்க வேண்டும். கேபிள் இழுபடக் கூடாது, கைப்பிடி டாங்கில் இடிக்கக் கூடாது.

கிளட்ச், பிரேக் லீவர்கள் விரலின் இரண்டாம் கணுவுக்குள் வர வேண்டும். லீவரைக் கீழே சற்றுத் திருப்பி வைத்தால் மணிக்கட்டு மடங்காது. கிளட்ச் கேபிளைச் சரிசெய்யும்போது லீவர் நுனியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தளர்வு இருந்தாக வேண்டும். கை சிறியது என்று தளர்வே இல்லாமல் இழுத்து வைத்தால் கிளட்ச் தட்டு வழுக்கித் தேய்ந்துவிடும். கியர் லீவரை அதன் பல்லில் ஒரு பல் தள்ளி மாட்டலாம். பின் பிரேக் மிதியின் உயரத்தையும் அதற்குரிய போல்ட்டில் மாற்றலாம். இவையெல்லாம் பத்து நிமிட வேலை. மெக்கானிக் தாமாகச் செய்ய மாட்டார், நாம் கேட்டுத்தான் செய்விக்க வேண்டும்.

செருப்பிலும் கொஞ்சம் லாபம் இருக்கிறது. ஹவாய்ச் செருப்பு தேய்ந்து காகிதம் போல ஆகியிருக்கும், காலை விட்டு நழுவவும் செய்யும். கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அங்கேயே கிடைத்துவிடும். தீபாவளிக்குக் கொடுக்கும் துணியோடு இதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

இனி ஷாக் அப்சார்பர். இதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலர் முதலில் இங்கேதான் கை வைக்கிறார்கள். நம் பகுதி வணிகர் ஒருவர் தம் பையனுக்காகப் பின் ஷாக்கின் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்து இறக்கச் சொன்னார். பட்டறையிலும் மறுப்புச் சொல்லாமல் அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். வெறும் வண்டியில் கால் நன்றாக எட்டியது. 50 கிலோ அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டும்போது டயர் மட்கார்டில் உரசியது. வாரத்துக்குள் டயரின் நடுவே வாய்க்கால் போலக் கோடு விழுந்துவிட்டது. இது வெளியே தெரிந்த சேதம். தெரியாத சேதங்கள் வேறு உண்டு.

பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கியது போல ஆகி, ஹேண்டில் லேசாகி அலையும். முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கும். சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருப்பதால் வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்கும். யாராவது லேசாக இடித்தாலும் வலப்பக்கம் சாய்ந்துவிடும். சென்டர் ஸ்டாண்டு போட இரண்டு ஆள் வேண்டும். உயரம் குறைந்தவருக்கு உதவி செய்கிறோம் என்று செய்த வேலை, அவரால் வண்டியை நிறுத்தவே முடியாமல் ஆக்கிவிடுகிறது.

ஷாக்கில் கம்பெனியே வைத்திருக்கும் ஐந்து படித் திருகை உபயோகிக்கலாம். தனி ஆளாக வசூலுக்கு மட்டும் போகிறவர் அதைக் கீழ்ப்படியில் வைத்துக்கொள்ளட்டும். சரக்கு ஏற்றுகிறவர் மேல்படிக்குப் போக வேண்டும். ஆகவே சரக்கு வண்டிக்கு இந்த வழியில் உயரம் குறையும் என்று நம்பக் கூடாது. சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரத்துக்கும் தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை வலியுறுத்தியிருக்கிறது. சீட்டு மெத்தை, லீவர் திருப்புவது போன்றவற்றில் இந்தச் சிக்கல் வராது. அறுப்பதும் பற்றவைப்பதும் வேறு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

வண்டியைப் பொருத்திய பின் ஆளைப் பழக்க வேண்டும். நம் சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும். இடது ஓரத்தில் நிறுத்தினால் இடது காலுக்குத் தரை இன்னும் கீழே போய்விடுகிறது. தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். உயரம் குறைந்தவர் அந்த விளிம்பிலிருந்து ஓர் அடி உள்ளே, சமதரை பார்த்து நிறுத்தப் பழக வேண்டும். நிற்பதற்கு முன்பே ஒன்றாவது கியருக்கு வந்துவிட வேண்டும். கடைசி இரண்டு அடியில் முன் பிரேக்கை விட்டு, வலது காலால் பின் பிரேக்கை மட்டும் மிதித்து, ஹேண்டில் நேராக இருக்கும்படி நிறுத்தி, இடுப்பை இடப்பக்கம் சற்று நகர்த்தி இடது காலை ஊன்ற வேண்டும். ஹேண்டில் ஒடிந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பதால்தான் நின்ற இடத்தில் பல வண்டிகள் விழுகின்றன. நெட்டையானவர் காலால் தாங்கிக்கொள்கிறார், மற்றவரால் முடிவதில்லை.

சென்டர் ஸ்டாண்டைக் கையால் தூக்கிப் போட முயலக் கூடாது. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் பட்டதா என்று பார்த்து, மிதியின் மேல் உடம்பின் முழு எடையையும் வைத்து ஏறி நின்றால் வண்டி தானாகப் பின்னே வரும். இதற்கு உயரமோ பலமோ தேவையில்லை. புது வண்டி வாங்குவதானால் செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதையே வாங்குங்கள். சிக்னல் நடுவே எஞ்சின் நின்றுவிட்டால், ஒரு காலில் வண்டியைத் தாங்கி மறு காலால் உதைப்பது உயரம் குறைந்தவருக்கு ஆகாத காரியம்.

சரக்கு ஏற்றுவது பற்றி வணிகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனாலும் இதில் ஒன்று உண்டு. சுமை ஏற ஏற வண்டி அமுங்கி, கால் நன்றாக எட்டுவது போலத் தெரியும். அதே நேரம் சாய்ந்தால் நிமிர்த்த வேண்டிய எடை இரட்டிப்பாகிவிடுகிறது. கால் எட்டுகிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. கனமானது கீழேயும் ஆளுக்கு ஒட்டியும் இருக்க வேண்டும். அப்பளம், மிக்சர் பாக்கெட் போன்றவை மேலே போகட்டும். எண்ணெய் டின்னைக் கேரியரின் நுனியில் கட்டுவதும், ஹேண்டிலில் இரண்டு பை தொங்கவிடுவதும் நல்ல ஓட்டுநரையே தடுமாற வைக்கும். பின்னால் மூட்டை உயரமாக இருந்தால் குட்டைக் கால்காரர் அதைத் தாண்டிக் காலைப் போட முடியாது. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று தாண்டப் பார்ப்பார்கள். சித்திரை வெயிலில் தார் இளகியிருக்கும்போது சுமை வண்டியின் ஸ்டாண்டு தரைக்குள் இறங்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆள் உட்கார்ந்த பிறகு மற்றொருவர் மூட்டையை வைத்துக் கட்டி, பின்னாலிருந்து தள்ளிவிடுவதே சரி.

இவ்வளவு செய்தும் பொருந்தாத இடங்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். கடையை எடுத்து நடத்திய அவர் மனைவிக்கு உயரம் 4 அடி 11 அங்குலம். வீட்டில் நின்ற மோட்டார் சைக்கிளை எப்படியாவது தமக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று அந்த அம்மாள் விரும்பினார். கணவர் ஓட்டிய வண்டி ஆயிற்றே. அளந்து பார்த்ததில் 9 சென்டிமீட்டர் குறைந்தது. சீட்டிலும் செருப்பிலும் சேர்த்துத் தேடினாலும் பாதிதான் கிடைக்கும். அதை விற்று ஒரு எக்ஸ்.எல். வாங்கிக்கொள்ளும்படி சொன்னோம். ஒரு வாரம் யோசித்தார், பிறகு வாங்கினார். அதுவரை ஆட்டோவுக்குக் கொடுத்த வாடகை நின்றது. கியர் இல்லாத வண்டிக்குரிய லைசென்ஸே போதும் என்பதால் அதுவும் சீக்கிரம் கிடைத்தது. அந்தச் சீட்டின் ஓரத்தையும் குஷன் கடையில் சற்றுச் சரித்துக் கொடுத்தார்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் வண்டியை மாற்றுவதே மலிவு என்பது நம் கணக்கு.

லைசென்ஸ் என்றதும் ஒன்று. பழக்குகிறோம் என்ற பேரில் லைசென்ஸ் இல்லாத பையனிடம் சரக்கு வண்டியைக் கொடுத்து அனுப்பினால் உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. பழகுநர் உரிமம் எடுத்து, ‘எல்’ பலகை மாட்டி, தெரிந்த ஒருவரைக் கூட வைத்துத்தான் பழக்க வேண்டும்.

லைசென்ஸ் வந்து, சீட்டும் லீவரும் சரிசெய்த வண்டியை முதல் நாளே லைனுக்கு அனுப்ப வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்த பின், காலி இடத்தில் வெறும் வண்டியாக இருபது முறை நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து 25 கிலோ சுமையோடு அதே இருபது முறை. அந்தச் சுமைக்கு ஒரு கிலோ பாக்கெட் உப்பு மூட்டைதான் ஏற்றது. விழுந்தாலும் இரண்டு பாக்கெட் கிழியும், அவ்வளவே. முதல் வாரம் முழுதும் உப்பும் சோப்பும் போகட்டும். எண்ணெய் டின்னை இரண்டாவது வாரத்தில் ஏற்றலாம்.